காசநோயா, கிரோனா?

சித்திரையில் தேனி மாவட்டம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தீச்சட்டியைப் போலவே ஆயிரங்கண் பானையும் தெரிந்திருக்கும். உடம்பெல்லாம் துளையிட்ட மண்பானை. கண் நோவு தீர வேண்டிக்கொண்டவர்கள் முல்லையாற்றில் குளித்துவிட்டு அதைச் சுமந்து வருவார்கள். மனிதரின் பெருங்குடலுடைய உட்பரப்பை நுண்ணோக்கியில் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய அந்தப் பானை மாதிரிதான் இருக்கும். சீரான இடைவெளியில் துளை துளையாக ஒரு பரப்பு. ஒவ்வொரு துளையும் ஒரு குழியின் வாய். ஒருவருடைய பெருங்குடலில் இப்படிச் சுமார் ஒரு கோடிக் குழிகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

குழியின் அடியில் தாய்ச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பிறக்கும் செல், சுவரோரமாக மேலே ஏறி, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் உச்சிக்கு வந்து உதிர்ந்துவிடும். போகிற வழியில் சில செல்கள் கோப்பை வடிவம் எடுத்துச் சளி சுரக்கின்றன. பெருங்குடலில் அந்தச் சளி இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கலாம். செல்லோடு ஒட்டிய உள் அடுக்குக்குள் அவற்றுக்கு அநேகமாக இடமில்லை. இந்தப் பக்கம் கணக்கற்ற பாக்டீரியா, அந்தப் பக்கம் உடம்பின் எதிர்ப்புப் படையில் பெரும்பங்கு, நடுவே ஒரே ஒரு வரிசைச் செல்லும் கொஞ்சம் சளியும். இவ்வளவு மெல்லிய தடுப்பை வைத்துக்கொண்டு எழுபது எண்பது வருடம் ஓட்டுகிறோம் என்பதுதான் ஆச்சரியம். சிலருக்கு மட்டும் இந்தத் தடுப்பு ஏன் உடைகிறது என்று கேட்டால் குடல் அழற்சி நோயின் கதை தொடங்கிவிடும்.

அது ஒரு நோயல்ல, இரண்டு. முதலாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் அழற்சி. லண்டன் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் 1859-ல் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். இது மலக்குடலில் தொடங்கும். அங்கிருந்து இடைவெளி விடாமல் மேலே பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்குப் பெருங்குடல் முழுவதையும் பிடிக்கும். ஆனால் எவ்வளவு நீளம் பரவினாலும் ஆழமாக இறங்காது. உட்புறச் சளிச்சவ்வும் அதற்கடுத்த படையின் மேற்பகுதியும்தான் வேகும்; தசைப் படை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

கண்ணாடிச் சில்லில் இதைப் பார்க்க வேண்டும். கொலனோஸ்கோபியில் கிள்ளி எடுத்த அரிசிக் குருணை அளவுத் திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏறி வந்திருக்கும். நல்ல குடலாக இருந்தால் குழிகள் நெட்டுக்குத்தாக, சம உயரத்தில், வரிசை குலையாமல் நிற்கும். நோயுற்ற குடலில் முதலில் தெரிவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். அவை குழியின் சுவருக்குள் நுழைந்து, சுவரைத் தாண்டி, குழிக்குள் சீழாகத் தேங்கி நிற்கும். நோயியல் மருத்துவர்கள் இதைக் குழிச்சீழ் என்பார்கள். கோப்பைச் செல்கள் வற்றிப்போயிருக்கும். சளி இல்லை, தடுப்பும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், இந்தச் சில்லில் காலமும் பதிவாகும் என்பது. கெட்ட தண்ணீரிலோ உணவிலோ வந்த சீதபேதியிலும் நியூட்ரோஃபில் வரும், சீழும் வரும். ஆனால் குழிகள் நேராகவே நிற்கும். அவை வடிவம் மாற அவகாசம் கிடைத்திருக்காது. அழிந்து, மறுபடி முளைத்து, மறுபடி அழிந்த குழிதான் இரண்டாகக் கிளைக்கும், குட்டையாகும், கோணிக்கொள்ளும். குழியின் அடிக்கும் கீழே பிளாஸ்மா செல்கள் கும்பலாக வந்து உட்காரும். இவை வாரக்கணக்கில் நடக்கும் காரியங்கள். நோயாளி 'நாலு நாளாத்தான் இப்படி' என்று சொன்னாலும் சில்லு வேறு கணக்குச் சொல்லும்.

கூட்டமும் கோடையும் சேரும் மாதங்களில் இந்த வேறுபாடு உயிர் காக்கும். நம் ஊரில் ரத்தமும் சளியுமாகப் போகிறது என்றால் முதல் சந்தேகம் கிருமிகள் மீதுதான் விழ வேண்டும். அதிலும் அமீபா பொல்லாதது. மேலே வாய் சிறுத்து, உள்ளே குடுவை போல அகன்ற புண்ணைத் தோண்டிவிட்டு, பார்வைக்குக் கோலைட்டிஸ் போலவே நடிக்கும். அதை அழற்சி நோய் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் ஸ்டீராய்டு எழுதுவதற்கு முன் மலப் பரிசோதனை கேட்பார்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த நோயாளிகள் மருத்துவரிடம் வந்து என்ன சொல்வார்கள்? 'கடுப்பா இருக்கு, வெளிக்குப் போனா ரத்தம் போகுது, உடம்பு சூடு.' மலக்குடல் வெந்திருப்பதால் அது கொஞ்சமும் தாங்காது; போக வேண்டும் என்று அவசரப்படுத்தும், போனால் ஒன்றும் இருக்காது, ரத்தமும் சளியும்தான். ஒரு நாளைக்குப் பத்து முறை. நடுராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்து எழுப்பும். சாதாரண வயிற்றுக் கோளாறு அப்படி எழுப்புவது அபூர்வம். திராட்சைத் தோட்டத்திலோ வாழைத் தோப்பிலோ வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது என்ன சங்கடம் என்று சொல்லவே வேண்டாம். கூச்சத்தில் சொல்ல மாட்டார். சொன்னாலும் இளநீர், மோர், வெந்தயம், அப்புறம் 'மூலமா இருக்கும்'. தமிழ்நாட்டில் பேருந்து நிலையச் சுவர் இல்லாத ஊர் உண்டா? அந்தச் சுவரில் மூலம், பவுத்திரம் விளம்பரம் இல்லாத ஊர்தான் உண்டா? அந்த விளம்பரங்களை நம்பி இழந்த மாதங்களில் குழிகள் கோணிக்கொண்டே போகின்றன.

இரண்டாவது நோய் கிரோன். ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் தாமஸ் கென்னடி டால்ஸியல் 1913-லேயே இதை எழுதிவிட்டார். மாடுகளுக்கு வரும் ஜோனே நோயைப் போலவே இருக்கிறது, ஆனால் கிருமியைத்தான் காணோம் என்றார். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரைதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் போட்டார்கள். நோய்க்குக் கிரோன் பெயர் நிலைத்தது. அதுவரை இப்படித் தடித்துப்போன குடலை அறுத்தெடுத்த அறுவை மருத்துவர்கள் பலர் அதைக் காசநோய்க் கட்டி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் கதை இங்கேதான் இருக்கிறது.

கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். மிகவும் விரும்புவது சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தை. தொடர்ச்சியாகப் பரவாது, ஒரு துண்டைப் பிடிக்கும், அடுத்த துண்டை விட்டுவிடும், அதற்கடுத்ததைப் பிடிக்கும். முக்கியமாக, இது ஆழமாகப் போகும். சளிச்சவ்வில் சிறு வாய்ப்புண் போலத் தொடங்கி, கத்தியால் கீறியது போலப் பிளந்து, தசைப் படையைக் கடந்து, வெளியுறை வரை சுவர் முழுவதையும் ஊடுருவும். அப்புறம் இரண்டு வழி. சுவர் தழும்பேறித் தடித்து, உள்ளே ஒரு பென்சில்கூட நுழையாதபடி குறுகும். சாப்பிட்டதும் வயிறு உப்பி முறுக்கி வலிக்கும். இல்லையென்றால் பிளவு சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ வழி போடும். ஆசனவாய் அருகே அப்படி வழி போட்டால் அதுதான் பவுத்திரம். பவுத்திரம் எல்லாமே கிரோன் ஆகிவிடாது. ஆனால் இரண்டு மூன்று முறை அறுத்தும் திரும்பத் திரும்ப வருகிற பவுத்திரத்தோடு எடையும் குறைந்தால் மேலே உள்ள குடலையும் பார்க்க வேண்டும். வயிற்றைத் திறக்கும் அறுவை மருத்துவருக்கு ஒரு காட்சி உடனே சொல்லிவிடும்: குடலைத் தாங்கும் மடிப்பிலிருந்து கொழுப்பு ஊர்ந்து வந்து நோயுற்ற துண்டைச் சுற்றிப் போர்த்தியிருக்கும்.

இப்போது காசநோய்க்கு வருவோம். குடல் காசநோயும் அதே இடத்தைத்தான் விரும்புகிறது, சிறுகுடலின் கடைக்கோடியை. அங்கே நிணநீர்த் திசு அதிகம், உணவு கொஞ்ச நேரம் தங்கியும் போகும். நுரையீரலில் நோய் உள்ளவர் விழுங்கும் சளி வழியாகக் கிருமி வரலாம், ரத்தம் வழியாகவும் வரலாம். பச்சைப் பாலிலும் வரும். நல்லவேளை, நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கமில்லை. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, வலது அடிவயிற்றில் வலி, சில நேரம் கைக்குத் தட்டுப்படும் கட்டி. கிரோன் நோயாளியும் இதையேதான் சொல்வார். இரண்டும் பெரும்பாலும் இளவயதினரைத்தான் பிடிக்கின்றன. கொலனோஸ்கோபியில் இரண்டிலும் புண். காசநோய்ப் புண் பெரும்பாலும் குடலைச் சுற்றிக் குறுக்காக ஓடும், கிரோன் புண் நீளவாக்கில் ஓடும் என்பார்கள். பெரும்பாலும் என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது.

திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது. இரண்டிலும் கிரானுலோமா உண்டு. அழிக்க முடியாத எதையோ சந்தித்த எதிர்ப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து உருண்டையாகக் கூடும் கூட்டம் அது. காசநோய்க் கிரானுலோமாவின் நடுப்பகுதி பாலாடைக் கட்டி போல உளுத்திருக்கும் என்று மருத்துவ மாணவர்கள் முதலில் படிப்பார்கள். அப்படி உளுத்ததைக் கொலனோஸ்கோபியில் கிள்ளிய சிறு துணுக்கில் காண்பது பெரும்பாலானவர்களிடம் நடப்பதில்லை. கிருமியும் சாயத்தில் சிக்குவது அபூர்வம். அப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு உருப்படியான விடை வந்தது லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ அல்ல, வேலூரிலிருந்து. அதற்குக் காரணமும் உண்டு. அந்த ஊர்களில் காசநோய் அருகிவிட்டதால் இந்தக் குழப்பம் அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நோயியல் மருத்துவர் அன்னா புளிமூடும் சகாக்களும் 1999-ல் 'கட்' என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, கிரானுலோமாவின் நடத்தையைப் படிக்கச் சொன்னது. காசநோயில் அவை பெரியவை, எண்ணிக்கையில் அதிகம், ஒன்றோடொன்று இணைந்துவிடும்; புண்ணின் விளிம்பில் வரிசை கட்டி நிற்கும்; சளிச்சவ்வுக்குக் கீழ்ப்படையில் அளவுக்கு மீறிய அழற்சி இருக்கும். கிரோனில் அவை சிறியவை, தனித்தனி, எப்போதாவது ஒன்று. கிரானுலோமா இல்லாத இடங்களிலும், கண்ணுக்கு நலமாகத் தெரிகிற பகுதிகளிலும்கூட, நுண்ணிய அழற்சி தெரியும். பின்னாளில் வந்த ஆய்வுகளும் இந்த அடையாளங்களையே எடுத்து ஆண்டன.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் வருகிறது, அதை நம் மருத்துவமனைகள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் குறை. கிரானுலோமாவின் எண்ணிக்கையையும் பரவலையும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் திசு நிறைய வேண்டும். புண்ணிலிருந்தும், நன்றாக இருக்கும் பகுதியிலிருந்தும், குடலின் வெவ்வேறு துண்டுகளிலிருந்தும் எடுத்து, தனித்தனிக் குப்பியில் போட்டு, எது எங்கே எடுத்தது என்று எழுத வேண்டும். ஒரே குப்பியில் இரண்டு துணுக்கும், 'கோலைட்டிஸ்?' என்று கேள்விக்குறியோடு ஒற்றைச் சொல் எழுதிய சீட்டும் வந்தால் நோயியல் மருத்துவர் என்ன செய்வார்? 'குறிப்பில்லாத நாள்பட்ட அழற்சி' என்று எழுதி அனுப்புவார். நோயாளி அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு அலைவார்.

அப்படியும் முடிவு தெரியாதபோது இந்திய மருத்துவர்கள் காலத்தையே சோதனையாக்குகிறார்கள். காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டு இரண்டு மாதம் கழித்து மறுபடி கொலனோஸ்கோபி செய்வார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். மருந்தை முழுக் காலத்துக்கும் முடிக்க வேண்டியதுதான். நோயாளிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தும் புண் அப்படியே இருந்தால் கிரோன். தெம்பை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். காசநோய் மருந்தில் கிரோன் நோயாளிக்கும் கொஞ்ச நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றுவதுண்டு. புண்ணைத்தான் கேட்க வேண்டும். இந்த வழியில் கிரோன் நோயாளிக்கு மாதங்கள் வீணாகின்றன, அதற்குள் குடல் குறுகலாம் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் தவறு எந்தப் பக்கம் நடந்தால் அதிகக் கேடு என்று பார்த்தால் இந்த நாட்டில் வேறு வழி எளிதில் கிடைக்காது.

ஏனென்றால் மறுபக்கத் தவறு கொல்லும். டிஎன்எஃப் என்று ஒரு மூலக்கூறு. கிரோன் நோயில் அழற்சித் தீயை மூட்டுவதில் அதற்குப் பெரும்பங்கு. அதைக் கட்டிப்போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து 1998-ல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. பவுத்திரம்கூட மூடியது, பலருக்கு வாழ்க்கை திரும்பியது. ஆனால் காசநோய்க் கிருமியைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும் கிரானுலோமாவின் மதிலைக் காப்பதும் இதே டிஎன்எஃப்தான். மதில் சரிந்தால் கிருமி வெளியே வரும். 2001-ல் இந்த மருந்துக்குப் பின் காசநோய் வந்த 70 பேரைப் பற்றிய கட்டுரை வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. 2014-ல் இந்திய நிறுவனம் ஒன்று இதே வகையைச் சேர்ந்த அடலிமுமாப்பின் நிகர் மருந்தை உலகிலேயே முதலாவதாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மருந்து எட்டும் தூரத்துக்கு வர வர, கொடுக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் பார்ப்பது இன்னும் அவசியமாகிறது.

குடல் அழற்சி பணக்கார நாடுகளின் நோய், நமக்கு ஏது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து 2003-ல் வெளியிட்ட கணக்கில், லட்சம் பேருக்கு 44.3 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய இந்தியர்களுக்கு அந்த நோய் உள்ளூர் வெள்ளையரைவிட அதிகமாக வந்ததையும் 1990-களில் கண்டார்கள். வாழும் சூழல் மாறினால் நோயும் மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். மரபணு? 2001-ல் கிரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவாக நாட்-2 கண்டுபிடிக்கப்பட்டபோது பெரிய கொண்டாட்டம். வேலூர்க் குழு இந்திய கிரோன் நோயாளிகளிடம் தேடிப் பார்த்து, ஐரோப்பியரிடம் காணப்படும் அந்த வழக்கமான மாற்றங்கள் இங்கே இல்லை என்று 2008-ல் எழுதியது. ஊருக்கு வரும் பாதை வேறு, வந்து சேர்ந்த ஊர் ஒன்று.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நம் ஆட்கள் விடமாட்டார்கள். பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள் பியூட்டிரேட் என்ற அமிலம். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் நார்ச்சத்தையும் ஒருவகை மாவுச்சத்தையும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அதைத் தயாரிக்கின்றன. சோறு ஆறும்போது அந்த மாவுச்சத்து கொஞ்சம் கூடும். பழைய சோற்றுக்கும் குடல் அழற்சிக்கும் என்ன தொடர்பு என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனை ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டது இந்தப் பின்னணியில்தான். நீராகாரம் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் குடிக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பவர்களைப் பார்த்தால்தான் பயம். கோலைட்டிஸுக்குக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரை நன்றாக இருக்கும்போதும் தொடர வேண்டியது. நன்றாக இருப்பதே அதனால்தான்.

நோய் குடலோடு நிற்பதுமில்லை. மூட்டு வீங்கும், காலில் வலியோடு சிவந்த முடிச்சு வரும், கண் சிவந்து வெளிச்சம் பட்டால் கூசும். கண்ணுக்காக வீரபாண்டிக்கு நேர்ந்துகொள்பவர்களில் யாருக்காவது அடிக்கடி கண் சிவந்து, கூடவே நாள்பட்ட வயிற்றுப்போக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் பெரும்பகுதியில் கோலைட்டிஸ் உள்ளவர்களுக்கு எட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் அபாயம் ஏறத் தொடங்கும் என்பதால், நோய் அடங்கியிருந்தாலும் குறித்த காலத்தில் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

ரத்தம் கலந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால், இரவில் எழுப்பினால், எடை குறைந்தால், மூலம் என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதைத் தாண்டினால் மதுரை இருக்கிறது. திசு எடுத்தால் காகித ரிப்போர்ட்டோடு திருப்தி அடையாமல் கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, எக்ஸ்ரே போலப் பத்திரமாக வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அதே திசுவை அவர்கள் மறுபடி சீவி, மறுபடி சாயம் ஏற்றிப் பார்க்கலாம். மெழுகில் பதிந்த திசு பல ஆண்டுகள் கெடாது.